ஒரே சுவாப், மூன்று விடை: வங்கிக் கணக்கில் எது சரி?

செம்பனைத் தங்கச்சி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். நான் இங்கே ஒரு செம்பனை ஆலை ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன், இரவில் அக்கவுண்டிங் படிக்கிறேன். அடுத்த மாதம் பரீட்சை. ஒரு கணக்கு மண்டையைக் குடைகிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வங்கி 100 மில்லியன் வெள்ளியை மாறாத வட்டிக்குக் கடன் கொடுத்திருக்கிறது, இன்னும் 4 வருடம் பாக்கி. வட்டி ஏறினால் அடிவாங்குவோம் என்று இன்னொரு வங்கியோடு சுவாப், அதாவது வட்டியை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம், போடுகிறது: இவர்கள் வருடத்துக்கு 3.50 விழுக்காடு மாறாமல் கட்டுவார்கள், அவர்கள் சந்தையோடு மாறும் வட்டியைத் தருவார்கள். சந்தை வட்டி 4.00 ஆகிவிடுகிறது. சுவாப்பின் மதிப்பு இப்போது 1,815,000 வெள்ளி. இதுவரைக்கும் புரிகிறது.

விடைதான் பிரச்சினை. வகுப்பில் கொடுத்த தாளில் லாபம் 25,000. பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய குறிப்பில் லாபம் 1,815,000. இன்னொரு புத்தகத்தில் லாபமே இல்லை, 0. சுவாப் ஒன்று, வட்டி ஒன்று, விடை மட்டும் எப்படி மூன்று?

அப்புறம் இன்னொன்று. எங்கள் அம்மாவின் எஃப்டி (நிலையான வைப்பு) இருக்கும் வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்தேன். டெரிவேட்டிவ் (சுவாப் போல, வேறொன்றின் விலையையோ வட்டியையோ சார்ந்த ஒப்பந்தம்) குறிப்பில் ஒப்பந்தத் தொகை பல பில்லியன் என்று இருக்கிறது, பக்கத்திலேயே சொத்து, பொறுப்பு என்ற இரண்டு கட்டங்களில் அதில் சின்னத் துண்டுதான். பயப்பட வேண்டுமா?

ஈப்போ ஆடிட்டர்:
தங்கச்சி, மூன்றுமே சரியான விடைதான், கேள்விதான் முழுசாக இல்லை. அந்த சுவாப்பை எதற்கு எதிராக வைத்திருக்கிறோம் என்று வங்கி எழுதி வைத்ததா, வைத்தால் எந்தப் பெயரில் வைத்தது, இது தெரியாமல் விடை வராது.

முதலில் அந்த 1,815,000 எப்படி வந்தது என்று பார்த்துக்கொள். 100 மில்லியனுக்கு அரை விழுக்காடு என்றால் வருடத்துக்கு 500,000 வெள்ளி. 4 வருடத்துக்கு அதை இன்றைய மதிப்புக்கு 4 விழுக்காட்டில் கழித்தால் பெருக்கும் எண் சுமார் 3.63. பெருக்கினால் 1,815,000. அவ்வளவுதான், மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது விதி. டெரிவேட்டிவ் என்றால் எம்எஃப்ஆர்எஸ் 9 என்ற மலேசியக் கணக்கியல் தரநிலைப்படி முதல் நாளிலிருந்தே ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) சந்தை மதிப்பில்தான் நிற்க வேண்டும் (இது 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, அதற்கு முன் எம்எஃப்ஆர்எஸ் 139). மதிப்பு மாறினால் மாற்றம் நேராக லாப நட்டத்துக்குப் போகும். ஆனால் அந்தக் கடன் அப்படி இல்லை. அது அமார்டைஸ்ட் காஸ்ட் என்ற முறையில், வட்டி சேர்த்துத் தவணை கழித்து, தன் பாட்டுக்கு நிற்கிறது. வட்டி ஏறியதால் கடனின் உண்மை மதிப்பு குறைந்தாலும் புத்தகத்தில் அது தெரியாது. ஒரு பக்கம் ஆடுகிறது, மறுபக்கம் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அதனால் லாபம் 1,815,000. அதுதான் உன் பழைய மாணவரின் குறிப்பு.

உன் ஆலைக் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். கையில் எண்ணெய் இருக்கும்போது விலை இறங்குமோ என்று பர்சா மலேசியா சந்தையில் கச்சா செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் (பேசிய விலையில் பின்னாளில் விற்கும் ஒப்பந்தம்) விற்றால், ஒரு கான்ட்ராக்ட் 25 டன், விலை டன்னுக்கு 100 வெள்ளி இறங்கினால் அன்றைக்கே 2,500 வெள்ளி லாபம் கணக்கில் ஏறும். தொட்டியில் இருக்கும் எண்ணெயோ ஆக்கிய செலவில்தான் இருக்கிறது, அதை விற்கும்போதுதான் விலை குறைந்தது தெரியும். ஆண்டு முடிவு நடுவில் வந்துவிட்டால் ஒரு வருடம் லாபம், அடுத்த வருடம் நட்டம். உண்மையில் இரண்டுமே இல்லை.

இந்தப் பொய்யான ஆட்டத்தை அடக்கத்தான் ஹெட்ஜ் (இடரை ஈடுகட்டும் ஏற்பாடு) கணக்கு முறை. சலுகை மாதிரி நினைத்துக்கொள், ஆனால் கேட்டு வாங்க வேண்டிய சலுகை. எந்த சுவாப், எந்தக் கடன், எந்த இடர், இரண்டும் எப்படி ஒன்றை ஒன்று ஈடுகட்டும் என்று முதல் நாளே எழுதி வைக்கணும். வட்டி ஏறிய பிறகு, அடடா இதை ஹெட்ஜ் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று பின் தேதி போட முடியாது. ஆடிட்டில் நான் முதலில் கேட்கும் காகிதமே அதுதான்.

செம்பனைத் தங்கச்சி:
சரி அண்ணே, 1,815,000 புரிந்தது. அப்படியென்றால் 25,000 என்பது எழுதி வைத்த கதை. அதன் பதிவுகளை எப்படிப் போடுவது? நான் போட்டால் கடன் பக்கம் எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஈப்போ ஆடிட்டர்:
இது மதிப்பு ஹெட்ஜ், ஃபேர் வேல்யூ ஹெட்ஜ் என்பது இதுதான். இதில் சுவாப்பைத் தொடுவதே இல்லை, கடனைத்தான் ஆட வைக்கிறோம்.

பற்று: டெரிவேட்டிவ் சொத்து 1,815,000
வரவு: லாப நட்டம் 1,815,000
பற்று: லாப நட்டம் 1,790,000
வரவு: கடன், ஹெட்ஜ் திருத்தம் 1,790,000

அந்த 1,790,000 வட்டி ஏறியதால் கடனின் மதிப்பு குறைந்த தொகை. கடனின் முழு மதிப்பு மாற்றத்தை எடுக்காதே, வட்டி இடரால் வந்த மாற்றம் மட்டும்தான். கடன்காரரின் நிலைமை மோசமானதால் வந்த குறைவு வேறு கணக்கு, அது எதிர்பார்க்கும் கடன் இழப்பு பக்கம் போகும். மிச்சம் 25,000 தான் ஈடுகட்டாமல் தப்பிய பகுதி, அது லாப நட்டத்தில் தங்கும். உன் கேள்வியில் தவணைத் தேதியும் சுவாப் தேதியும் சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரு வரி இருக்கும், பார். நிஜத்தில் எதிர் வங்கி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சுவாப் மதிப்பில் கொஞ்சம் கழிப்பார்கள், பரீட்சைக் கேள்வியில் அதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது விடை, 0. அதே சுவாப்பை வங்கி கடனுக்கு எதிராக வைக்காமல், தன் பக்கம் மக்கள் போட்டிருக்கும் மூன்று மாத எஃப்டி வட்டிக்கு எதிராக வைக்கிறது. எஃப்டி புதுப்பிக்கும்போதெல்லாம் வட்டி மாறும், அந்த வருங்காலப் பணப்போக்கைக் கட்டிப்போடுகிறோம் என்று எழுதுகிறது. இது கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ். அப்போது கடனைத் தொட மாட்டோம், சுவாப் லாபத்தை லாப நட்டத்துக்கு வெளியே இதர முழு வருமானத்தில், ஈக்விட்டிக்குள் (உரிமையாளர் மூலதனம்) ஒரு தனி இருப்பாக நிறுத்தி வைப்போம். எஃப்டி வட்டியைக் கட்டும் காலாண்டு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக லாப நட்டத்துக்குக் கொண்டுவந்து வட்டிச் செலவோடு சேர்ப்போம். எவ்வளவு நிறுத்தலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு: சுவாப்பில் வந்த மாற்றம், பணப்போக்கில் வந்த மாற்றம், இரண்டில் எது சின்னதோ அதுவரைதான். உன் புத்தகத்தில் சுவாப் தான் சின்னது, அதனால் முழு 1,815,000 உள்ளே போய்விட்டது, லாப நட்டம் 0.

பழைய கிராணி:
நீங்கள் எல்லாம் படித்தவர்கள், பேசுங்கள். என் பார்வையில் இது சூதாட்டம்தான். 1995-இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி என்ன ஆனது? இருநூறு வருடத்துக்கு மேல் இருந்த வங்கி, சிங்கப்பூரில் ஒரே ஆள் டெரிவேட்டிவ் ஆடி மூடிவிட்டான். ஒரே ஒரு பிரிட்டிஷ் பவுனுக்கு விற்றார்கள். நம்ம ஆட்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை அந்த மாதிரி இடத்தில் போட்டுவிட்டு, குறிப்பைப் படித்து மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

பட்டர்வொர்த் அக்கா:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பேரிங்ஸ் ஹெட்ஜ் செய்து விழவில்லை. ஐயா சொன்ன அந்த ஆள், நிக் லீசன், ஜப்பான் நிக்கேய் பங்குக் குறியீடு ஏறும் என்று பந்தயம் கட்டினார், நட்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார், மொத்தம் 827 மில்லியன் பவுன். அவரே வாங்கி விற்றார், அவரே பின்னால் இருந்து கணக்கும் முடித்தார், அதுதான் ஓட்டை. நான் வங்கியின் பின்னறையில், அதாவது டீலர் போட்ட வியாபாரத்தைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் இடத்தில், பல வருடம் வேலை பார்த்தவள். டீலர் எங்கள் மேசைப் பக்கமே வரக்கூடாது, எதிர் வங்கி அனுப்பும் உறுதிக் கடிதம் அவர் கைக்குப் போகாமல் நேராக எங்களிடம் வரும். தொகை, தேதி, வட்டி மூன்றையும் நாங்கள் எங்கள் சிஸ்டத்தோடு ஒப்பிடுவோம், ஒரு தசமம் மாறினாலும் அன்று மாலைக்குள் தொலைபேசியில் கத்தல்தான். பேரிங்ஸ் கவிழ்ந்த பிறகு எந்த வங்கியிலும் இந்தப் பிரிவினையை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. நீண்ட காலப் பத்திரங்களை நிறைய வாங்கிக் குவித்தார்கள், வட்டி ஏறுவதற்கு எதிரான ஹெட்ஜை முந்தைய வருடத்தில் பெரும்பாலும் கழற்றிவிட்டார்கள். வட்டி ஏறியது, பத்திர மதிப்பு சரிந்தது, மக்கள் வரிசையில் நின்றார்கள். ஹெட்ஜ் செய்யாததும் பந்தயம்தான் ஐயா.

நம்ம ஊரிலேயே காரணம் இருக்கிறது. கார் லோன் 9 வருடம்வரை ஒரே வட்டியில் ஓடும். 2020 ஜூலையில் ஓபிஆர் (பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி) 1.75 ஆக இருந்தபோது கார் லோன் கொடுத்த வங்கியை நினைத்துப் பாருங்கள். 2023 மே மாதத்தில் ஓபிஆர் 3.00. கடன்காரர் கட்டும் வட்டி மாறவே இல்லை, ஆனால் எஃப்டி போட்டவர்கள் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கூடக் கேட்கிறார்கள். அந்த இடைவெளியை மூடத்தான் தங்கச்சி கணக்கில் வந்த மாதிரி சுவாப்.

செம்பனைத் தங்கச்சி:
நன்றி அக்கா. அப்போது அந்தப் பல பில்லியன் கதை?

பட்டர்வொர்த் அக்கா:
அது நோஷனல், வட்டியைக் கணக்கிடுவதற்கான அடிப்படைத் தொகை. உன் கணக்கில் 100 மில்லியன் யார் கையிலும் மாறவில்லை, கவனித்தாயா? வட்டி வித்தியாசம் மட்டும்தான் மாறுகிறது. (இரண்டு நாணயம் மாற்றும் சுவாப்பில் மட்டும் அசலும் கை மாறும், அதை இதோடு குழப்பிக்கொள்ளாதே.) ஐந்தொகைக்கு வருவது 1,815,000 மட்டும்தான், நமக்குச் சாதகமாக இருந்தால் சொத்து, எதிராக இருந்தால் பொறுப்பு. அந்த இரண்டு கட்டம் அதுதான்.

தொகை ஊதிப்போவதற்கு இன்னொரு காரணம், வங்கி வாடிக்கையாளருக்கு விற்கும் ஒப்பந்தம். ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி டாலரை முன்கூட்டியே விற்றால், வங்கி அந்த இடரைத் தன் தலையில் வைத்துக்கொள்ளாமல் சந்தையில் எதிர்த் திசையில் இன்னொன்று போட்டுவிடும். இடர் ஏறத்தாழப் பூஜ்யம், நோஷனல் மட்டும் இரட்டிப்பு. இந்த மாதிரி ஜோடிகள் வருடக்கணக்கில் சேரும்.

உண்மையான கவலை, எதிர் ஆள் கவிழ்ந்தால் நமக்கு வரவேண்டியது வருமா என்பதுதான். அதற்குத்தான் ஒரே ஆளோடு போட்ட எல்லா ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கழித்து மிச்சத்தை மட்டும் கேட்கும் ஏற்பாடு. மலேசியாவில் அது நீதிமன்றத்தில் நிற்கும்படி 2015-இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் ஐந்தொகையில் கழித்துக் காட்ட, உரிமை மட்டும் போதாது, நிகரமாகவே கட்டும் எண்ணமும் வேண்டும், அதனால் பெரும்பாலும் முழுசாகக் காட்டுகிறார்கள், பார்ப்பவர்களுக்குப் பெரிசாகத் தெரிகிறது.

அம்மாவிடம் சொல்: அது உறுப்பு வங்கி என்றால் ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு 250,000 வெள்ளிவரை பிஐடிஎம் (வைப்புக் காப்பீட்டுக் கழகம்) காப்பு இருக்கிறது.

பழைய கிராணி:
சரி அம்மா, பின்னறை, முன்னறை பிரிவினை எனக்கும் பிடித்திருக்கிறது. எங்கள் காலத்தில் தோட்டத்தில் சம்பளச் சீட்டு எழுதுபவரும் காசு கொடுப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பார்கள். ஆனாலும் ஒரு கேள்வி. பதிவை மாற்றிப் போட்டால் 1,815,000 லாபம் 0 ஆகிறது என்றால், வங்கிக்காரன் தனக்கு வசதியானதைத் தேர்ந்தெடுப்பான், இல்லையா?

ஈப்போ ஆடிட்டர்:
தேர்ந்தெடுப்பான் ஐயா, முன்கூட்டியே. நடுவில் மாற்ற முடியாது. எம்எஃப்ஆர்எஸ் 9-இல் இடர் மேலாண்மை நோக்கம் மாறாமல் தானாக ஹெட்ஜ் உறவை ரத்து செய்யவும் கூடாது. பழைய 139 முறையில் ஈடுகட்டுதல் 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் நடுவில் இருந்தால்தான் ஹெட்ஜ், 79 வந்தால் போச்சு. 9-இல் அந்த எண் எல்லை போய்விட்டது, பொருளாதார உறவு இருக்கிறதா, கடன் இடர் அதை மிஞ்சாமல் இருக்கிறதா, விகிதம் சரியா என்றுதான் பார்க்க வேண்டும். வங்கிகள் விரும்பினால் பழைய ஹெட்ஜ் விதியிலேயே தொடரலாம், ஆயிரக்கணக்கான கார் லோனை ஒரே மூட்டையாக ஹெட்ஜ் செய்பவர்களுக்கு அது வசதி.

எனக்குக் கேட்டால், எது பதிவானாலும் 4 வருடத்தையும் கூட்டிப் பாருங்கள். முடிவு நாளில் சுவாப்பின் மதிப்பு பூஜ்யத்துக்குத்தான் வந்து நிற்கும், நடுவில் ஏறிய 1,815,000 முழுசாகக் கரைந்திருக்கும். கை மாறிய வட்டி வித்தியாசம் மூன்று முறையிலும் ஒன்றுதான். எந்த வருடத்தில் எந்த வரியில் காட்டுகிறோம் என்பது மட்டும்தான் வேறு.

செம்பனைத் தங்கச்சி:
கடைசியாக ஒன்று அண்ணே. இரண்டாம் வருடமே சுவாப்பை விற்றுவிட்டால், கடன் பக்கம் போட்ட 1,790,000 திருத்தம் என்ன ஆகும்? உடனே திருப்ப வேண்டுமா?

ஈப்போ ஆடிட்டர்:
உடனே திருப்பாதே. அந்த நாளில் திருத்தம் எவ்வளவு நிற்கிறதோ அதை மீதிக் காலத்துக்குப் பரப்பி, பயனுள்ள வட்டி விகிதத்தை மறுபடி கணக்கிட்டு, வட்டி வருமானத்தோடு சேர்த்துக் கரைக்க வேண்டும். கடனையே விற்றுவிட்டால்தான் ஒரேயடியாகப் போகும். கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் என்றால் ஈக்விட்டியில் நிறுத்திய தொகை அங்கேயே இருந்து, எஃப்டி வட்டி கட்டக் கட்ட வெளியே வரும். அந்த எஃப்டியே இனி வராது என்று தெரிந்தால் அன்றைக்கே லாப நட்டத்துக்கு வந்துவிடும். பரீட்சையில் இந்தக் கடைசி வரிக்குத்தான் பெரும்பாலும் மார்க் போகும், பதிவோடு ஒரு வரி காரணமும் எழுது.

செம்பனைத் தங்கச்சி:
மூன்று விடையையும் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. 25,000 தாளில் தவணைத் தேதி பற்றிய வரியும் இருக்கிறது, ஏழாம் பக்கத்துக் கீழே சின்ன எழுத்தில்.