பம்பு நின்ற பிறகும் மேக் மீட்டர் ஓட்டம் காட்டுகிறது, என்ன காரணம்?

திருப்பூர்_இடிபி:
வணக்கம். எங்கள் சாயப்பட்டறையின் இ.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கலெக்‌ஷன் டேங்கிலிருந்து ஈக்வலைசேஷன் டேங்குக்குப் போகும் லைனில் தண்ணீர் ஓட்டத்தைக் காந்தப்புலம் வைத்து அளக்கும் 100 மி.மீ. மேக் மீட்டர் ஒன்று இருக்கிறது. லைன் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், மீட்டருக்கு உள்ளே ரப்பர் லைனிங், பம்பு வி.எஃப்.டி.யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடுகிறது. பம்பை நிறுத்தினாலும் மணிக்கு 3, 4 கன மீட்டர் காட்டுகிறது, சில நேரம் மைனஸிலும் போகிறது. பம்பு ஓடும்போது 30 வர வேண்டிய இடத்தில் 34க்கும் 41க்கும் இடையே குதிக்கிறது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிலையில் உள்ளே வந்ததும் ஆர்.ஓ.வில் மீண்டதும் கணக்கில் ஒத்துப்போக வேண்டுமே, லாக் புக்கை யார் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான். மீட்டரைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பு என்கிறார் மேனேஜர். அனுப்பலாமா?

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்:
தம்பி, அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். அங்கே நேரான பைப்பில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சான்றிதழோடு திருப்பி அனுப்புவார்கள், இங்கே மாட்டியதும் அதே கதை தொடரும். மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, அதற்கு அப்புறம் பைப் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள்.

திருப்பூர்_இடிபி:
டேங்க் சுவரின் மேல் மட்டத்தில், படுக்கை வாட்டில் இருக்கிறது சார். ரீடிங் எடுக்க வசதி என்று அங்கே வைத்தார்கள். மீட்டரைத் தாண்டி ஒரு பட்டர்ஃபிளை வால்வு, ஒரு எல்போ, அங்கிருந்து தண்ணீர் நேராக டேங்குக்குள் கொட்டுகிறது.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்:
நினைத்தேன். மேக் மீட்டர் அளப்பது தண்ணீரின் வேகத்தை மட்டும்தான், பைப் நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று அதுவாகவே எடுத்துக்கொண்டு அந்த வேகத்தை முழுக் குறுக்குப் பரப்பால் பெருக்கிச் சொல்கிறது. உங்கள் பைப் முக்கால்வாசிதான் நிறைகிறது என்றால் காற்று போகும் இடத்தையும் தண்ணீராகவே கணக்குப் போடும், அதனால்தான் கூடுதல். பம்பு நின்றதும் தண்ணீர் வடிந்து, அதைத் தொட்டுச் சிக்னல் எடுக்கும் எலக்ட்ரோடு வெளியே தெரிகிறது, அப்போது அது ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள மின் இரைச்சலைப் பிடித்து ஓட்டம் என்று காட்டுகிறது.

நான் சொல்வது சரியா என்று இன்றே பார்த்துவிடலாம். பம்பு ஓடும்போது அந்த பட்டர்ஃபிளை வால்வை மெதுவாக மூடுங்கள், மூடியதும் பம்பை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு ஒழுகாமல் இருந்தால் மீட்டருக்குள் தண்ணீர் நிறைந்து அசையாமல் நிற்கும். அப்போது பூஜ்யம் வந்தால் மீட்டர் மேல் தப்பில்லை.

ஈரோடு_கேபிள்:
இன்னொன்றும் இருக்கிறது. எச்.டி.பி.இ. லைன் என்கிறீர்கள், எர்த்திங் ரிங் போட்டிருக்கிறார்களா? இரும்பு பைப் என்றால் பைப்பே தண்ணீரை எர்த்தோடு இணைத்துவிடும், பிளாஸ்டிக்கில் அது நடக்காது. மீட்டரின் இரு பக்கமும் ஃபிளாஞ்சுக்கு நடுவே தண்ணீரைத் தொடும்படி உலோக ரிங் வைத்து சென்சார் பாடியோடு ஒயரில் சேர்க்க வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் பச்சை ஒயர் ஃபிளாஞ்ச் போல்ட்டில் கட்டியிருக்கும், தண்ணீரை எங்கும் தொடாது, அதற்குப் பெயர் எர்த்திங்காம்! சிக்னல் கேபிளும் வி.எஃப்.டி. பவர் கேபிளும் ஒரே டிரேயில் போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், யாராவது மெகர் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்க்கலாம் என்று வந்தால் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றாமல் விடாதீர்கள், போர்டு போய்விடும்.

கரூர்_ஷிஃப்ட்:
இவ்வளவு எதற்கு? லோ ஃப்ளோ கட் ஆஃப்பை, அதாவது அதற்குக் கீழே வருவதைப் பூஜ்யமாகக் காட்டும் அளவை, 5க்கு மேல் வைத்தால் பம்பு நின்றதும் பூஜ்யம் காட்டும். எங்களிடம் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்:
நின்றபோது வரும் பொய் மறையும், ஓடும்போது வரும் பொய் அப்படியே மொத்த அளவைக் கூட்டும் டோட்டலைசரில் ஏறிக்கொண்டிருக்கும். இதில் எனக்கு உடன்பாடில்லை.

திருப்பூர்_இடிபி:
வால்வை மூடிப் பார்த்தேன். பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, ஆனால் பக்கத்து புளோயர் ஓடும்போது மட்டும் லேசாக ஆடுகிறது. எர்த்திங் ரிங் இல்லவே இல்லை. மீட்டரைக் கழற்றியதில் கேஸ்கெட் ஒரு பக்கம் சரிந்து, அதன் விளிம்பு துளைக்குள் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் பின்னால் நூல் துகளும் மெழுகு மாதிரி ஒரு பிசினும் திரண்டிருந்தன, எலக்ட்ரோடு மேலும் அதே பிசின்.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்:
மென்மையான துணியால் துடையுங்கள், ஸ்கிராப்பர் வேண்டாம், லைனிங் கிழிந்தால் மீட்டரே போச்சு. மாட்டும்போது பம்பிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் செங்குத்துப் பைப்பில் மாற்றிவிடுங்கள், ஓடும்போது எப்போதும் நிறைந்திருக்கும். மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு நீளத்துக்கு நேர் பைப் வேண்டும், பம்புக்குப் பக்கத்தில் என்றால் 10 மடங்கே நல்லது.

மாற்றிய பிறகு பம்பு இழுக்கும் டேங்கை வைத்தே சரிபாருங்கள். உள்ளே வரும் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பம்பை ஓட்டுங்கள், 5 மீட்டருக்கு 4 மீட்டர் டேங்க் என்றால் 30 செ.மீ. இறங்கினால் 6 கன மீட்டர். டோட்டலைசர் ஏறியதோடு ஒப்பிடுங்கள்.

திருப்பூர்_இடிபி:
ஷட்டவுனில் செங்குத்துப் பைப்புக்கு மாற்றி, ரிங்கும் போட்டு, கேபிளையும் தனி கண்டியூட்டில் இழுத்தாயிற்று. எங்கள் டேங்க் நீங்கள் சொன்ன அளவேதான். 30 செ.மீ. இறங்கியதற்கு 6.1 காட்டியது. கட் ஆஃப்பில் கை வைக்கவில்லை. நன்றி சார், நன்றி ஈரோடு அண்ணே.

பாய்லர்_ராஜா:
இதை ஒட்டி ஒரு சந்தேகம். எங்கள் டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீர் லைனிலும் மேக் மீட்டர்தான், பைப் நிறைந்துதான் ஓடுகிறது, எர்த்திங்கும் இருக்கிறது, ஆனாலும் ரீடிங் தாறுமாறாக அலைகிறது.

ஈரோடு_கேபிள்:
தண்ணீரின் கண்டக்டிவிட்டி (மின் கடத்துதிறன்) எவ்வளவு? பெரும்பாலான மேக் மீட்டருக்குக் குறைந்தது 5 மைக்ரோசீமென்ஸ் வேண்டும், நல்ல டி.எம். தண்ணீர் அதற்கும் கீழே இருக்கும். அந்த இடத்துக்கு வோர்டெக்ஸோ அல்ட்ராசோனிக்கோ கேளுங்கள், இதைக் கழற்றி கூலிங் டவர் மேக்கப் லைனில் போட்டுக்கொள்ளலாம்.