பந்திங் தோட்டப் பக்கம் வெயிலும் வெள்ளமும்: ஆளுங்கள எப்படி ஒண்ணு சேக்குறது?

செம்பனைக்காட்டுப் பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல சிலாங்கூர், பந்திங் பக்கம், காலேஜ் படிக்கிறேன், அப்பா இன்னும் செம்பனை (பாமாயில்) தோட்டத்துல குலை வெட்டுறாரு. வெயில் காலத்துல வேலைக்காட்டுல ஆளுங்க மயங்கி விழுறாங்க, மழைன்னா வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுது. பருவநிலை மாற்றத்துக்கு எதிரா அடிதடி இல்லாத ஒரு மக்கள் இயக்கம் நம்ம ஊர்லயே தொடங்கணும்னு நானும் கூட்டாளிங்களும் பேசிட்டு இருக்கோம். ஆனா கோயில் கூட்டத்துல சொன்னா 'பெரிய நாட்டுக்காரன் பண்ணுன வேலைம்மா, நம்மளால என்ன ஆகப் போகுது'ங்கறாங்க, பாதிப் பேருக்கு போலிஸ் பயம் வேற. எங்கேர்ந்து தொடங்குறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய யூனியன்காரன்:
தங்கச்சி, முதல்ல கூட்டம் போடாத, வீடு வீடா போ. போயி நீ பேசாத, அவங்களப் பேச விடு. எல்லார் வாயிலயும் ஒரே குறை வரும் பாரு, அதைப் பிடிச்சுக்கோ. என் கணக்குல அது வெயிலாத்தான் இருக்கும். ஆனா 'மத்தியானம் வேலை வேணாம்'னு மட்டும் கேட்டுடாத, குலை வெட்டுறவனுக்கு டன் கணக்குலதான் காசு, நிழல்ல உக்காந்தா சம்பளம் போச்சு, உன் இயக்கத்த அவனே எதிர்ப்பான். வானிலை இலாகா மெட் மலேசியா வெயில் எச்சரிக்கையில ரெண்டாம் நிலை, அதாவது மூணு நாள் தொடர்ந்து 37 டிகிரிக்கு மேலன்னு அறிவிச்சா காலைல சீக்கிரமே பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் எடுக்கிறது), வெயில் ஏறுறதுக்குள்ள வேலை முடியணும், அன்னிக்கு நாள் சம்பளம் குறையக் கூடாது, காட்டுலயே குடிக்கத் தண்ணி வேணும். இப்படிக் கேட்டா மேனேஜர் சரின்னோ முடியாதுன்னோ பதில் சொல்லியே ஆகணும். கையில சட்டமும் இருக்கு, வேலையிட வெப்பத்துக்குன்னு வேலையிடப் பாதுகாப்பு இலாகா டோஷ் 2016லயே வழிகாட்டி போட்டிருக்கு, 2024 ஜூன்ல இருந்து உடனடி ஆபத்துன்னா தொழிலாளி அந்த இடத்த விட்டு விலகிக்கலாம்னு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்துல நம்ம ஆளுங்க கூலி உயர்வோட, துரையைக் கண்டா சைக்கிள விட்டு இறங்குற வழக்கத்த நிறுத்தணும்னும் கேட்டாங்க. தினம் உடம்புல படுற விஷயத்தத்தான் கேட்டாங்க, அதனாலதான் தோட்டம் தோட்டமா பரவுச்சு.

லங்காட் அக்கா:
அண்ணன் சொல்றது சரி, ஆனா காட்டையும் விட்டுடாதம்மா. நம்ம பக்கத்துல வட கோலலங்காட் காட்டுல சுமார் 930 ஹெக்டர வனப் பட்டியல்ல இருந்து எடுக்கப் போறாங்கன்னு 2020 பிப்ரவரியில அறிவிப்பு வந்துச்சு. அது கரிச்சதுப்புக் காடு, பாதி மக்குன மரம் மட்டையே மண்ணா கிடக்கிற இடம், ஈரம் இருக்கிற வரைக்கும் கார்பன மண்ணுக்குள்ளயே பிடிச்சு வச்சிருக்கும், வடிகால் வெட்டிக் காய விட்டா மண்ணே எரியும், அந்தப் புகையத்தான் நம்ம பிள்ளைங்க சுவாசிக்குதுங்க. பூர்வகுடியான தெமுவான் மக்கள் எங்க காடுன்னு நின்னாங்க, சுற்றுச்சூழல் அமைப்புங்க கூட வந்துச்சு, ஆட்சேபம் மட்டும் 45,000க்கு மேல குவிஞ்சது. அதையும் மீறி 2021ல பெரும்பகுதிய எடுத்துட்டாங்க. அப்பவும் யாரும் வீட்டுக்குப் போகல, செப்டம்பர்ல மாநில அரசு முடிவ மாத்திக்கிச்சு. கல்லெடுக்காம, கடுதாசி எழுதி, கூட்டம் போட்டு, விடாம கேட்டு நடந்தது. கோயில்ல 'என்ன ஆகப் போகுது'ன்னு யாராச்சும் சொன்னா இதச் சொல்லு, கார் எடுத்தா போய்ப் பாத்துட்டு வரக்கூடிய தூரம்தான்.

சட்டம் படிச்சவன்:
போலிஸ் பயத்துக்கு நான் சொல்றேன். அமைதிப் பேரணிச் சட்டம் 2012ல பெர்மிட்னு ஒண்ணு கிடையாது, மாவட்டப் போலிஸ் தலைவர் ஓசிபிடிக்கு அஞ்சு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அவ்வளவுதான். முன்னாடி பத்து நாளா இருந்தத 2019 திருத்தத்துல குறைச்சாங்க, தெரு ஊர்வலத்துக்கு இருந்த தடையும் அப்பதான் போச்சு. நோட்டீஸ் குடுக்காததுக்குத் தண்டனைங்கறது அரசியலமைப்புக்கு விரோதம்னு 2025 ஜூலையில கூட்டரசு நீதிமன்றமே சொல்லிடுச்சு. இருந்தாலும் குடுத்துடுங்க, ரோட்ட யாரு பாத்துக்கிறதுன்னு அவங்களோட முன்னாடியே பேசிடலாம். பள்ளிக்கூடம், கோயில், பெட்ரோல் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி இதுக்கெல்லாம் 50 மீட்டருக்குள்ள கூடக் கூடாது, நம்ம ஆளுங்க வழக்கமா கூடுறதே கோயில் வாசல்லதான், அதனால இடம் பாத்து வைங்க. 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள கூட்டிட்டு வராதீங்க. முக்கியமா, வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு அந்தச் சட்டத்துல கூடுற உரிமை இல்ல, அவங்கள ஊர்வலத்துல நிக்க வச்சு மாட்டி விட்டுடாதீங்க.

மில்லு பக்கம்:
நிழலும் தண்ணியும் கேட்டா நம்ம உடம்பு தப்பிக்கும், பூமி சூடு குறையுமா? பாமாயில் மில் கழிவுத் தண்ணி தொறந்த குளத்துல கிடந்து மீத்தேன் விடுது, நூறு வருஷக் கணக்குல பாத்தா அது கரியமில வாயுவ விட 28 மடங்கு சூடு பிடிக்கும். 2014ல இருந்து புதுசா கட்டுற மில்லுக்கு அந்த கேஸப் பிடிக்கிற வசதி கட்டாயம், அதுக்கு முன்னாடி கட்டுன மில்லுல பல இடத்துல குளம் இன்னும் தொறந்துதான் கிடக்கு. மூடிப் பிடிச்சா கரண்டு எடுக்கலாம், நாத்தமும் குறையும். அதையும் சேத்துக் கேளுங்க.

பழைய யூனியன்காரன்:
கேக்கணும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வெயில் கோரிக்கையில ஒரு வெற்றி பாத்த பிறகு கேளுங்க, அப்பதான் மில்லுல வேலை செய்யறவனும் பயம் விட்டுக் கூட நிப்பான். ஊர்வலம்னு ஒண்ணு போனா உங்க ஆளுங்களுக்கு முதல்ல பயிற்சி குடுங்க, யாராச்சும் கெட்ட வார்த்தை சொன்னா, தள்ளி விட்டா என்ன பண்றதுன்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு நடிச்சே பாருங்க. ஒரு கல்லு பறந்தா மறுநாள் பேப்பர்ல அந்தக் கல்லு மட்டும்தான் இருக்கும்.

செம்பனைக்காட்டுப் பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா, எல்லாருக்கும். அப்பா டிவிஷன்ல இருந்து வீடு வீடா தொடங்குறோம். ஒரு கேள்வி, அங்க பாதிப் பேரு வங்காளதேசத்துக்காரங்க, வெயில் அதிகமா படுறதே அவங்க மேலதான். ஊர்வலத்துக்கு வர முடியலன்னாலும் அவங்கள விட்டுட்டுக் கோரிக்கை எழுத எனக்கு மனசில்ல.

பழைய யூனியன்காரன்:
விடாதம்மா. யூனியன்ல அவங்களும் உறுப்பினரா சேரலாம், கோரிக்கைய அது வழியா அனுப்புங்க, மனுவுல தனித்தனி பேரு வேண்டாம். கடுதாசிய எழுதுறதுக்கு முன்னாடி அவங்க தங்கியிருக்கிற லயத்துக்கும் போயி ராத்திரி சாப்பாட்டு நேரத்துல உக்காந்து கேளு, தமிழ்லயும் மலாய்லயும் மட்டும் இல்லாம வங்காளத்துலயும் ஒரு தாளு அடிச்சுக் குடு.