ஸ்காபரோவில் முதல் குளிர்காலம்: பழைய ஜாக்கெட்டும் பூட்ஸும் எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து கனடாவுக்கு, டொரண்டோவின் ஸ்காபரோ பகுதிக்கு வருகிறோம். நான், மனைவி, 5 வயது மகள். குளிருக்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது போலிருக்கிறது. பழைய துணிக் கடைகளில் எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?

பதில்: ஊரிலிருந்து ஜாக்கெட் வாங்கிச் சுமந்து வராதீர்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு என்று தி.நகரில் விற்பது இங்கே மைனஸ் 20-க்குத் தாங்காது. பெட்டியில் அந்த இடத்தை உள்ளாடைக்கும் சாக்ஸுக்கும் ஒதுக்குங்கள். அவற்றையும் உடம்போடு ஒட்டும் தெர்மல் என்ற குளிர் உள்ளுடையையும் மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஜாக்கெட், பூட்ஸ், சட்டை, பேன்ட் எல்லாம் பழையதிலேயே நல்லது கிடைக்கும்.

பழைய துணிக்குப் பலரும் போவது வேல்யூ வில்லேஜும் சால்வேஷன் ஆர்மி கடைகளும். வேல்யூ வில்லேஜ் லாபத்துக்கு நடக்கும் கம்பெனி. அங்கே இருப்பதெல்லாம் மலிவு என்று நினைக்க வேண்டாம். சாதாரண டி-ஷர்ட் சில சமயம் வால்மார்ட்டின் புது விலைக்குப் பக்கத்தில் நிற்கும். பில் போடும்போது 13% வரி சேரும். பல கடைகளில் போட்டுப் பார்க்க அறை கிடையாது, வாங்கியதைத் திருப்பவும் முடியாது. அதனால் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், ஜாக்கெட்டை அதன் மேலேயே மாட்டிப் பாருங்கள். சைஸ் எழுத்தை நம்பாதீர்கள். கையைத் தூக்கினால் இடுப்பு வெளியே தெரியக் கூடாது.

முதலில் ஜிப். முழுவதும் ஏற்றி இறக்குங்கள், நாலைந்து தடவை. ஏற்றிய பிறகு கீழே தானாகப் பிரிந்தால், இழுக்கும் ஸ்லைடர் தளர்ந்திருக்கிறது. குறடால் லேசாக நெருக்கினால் பெரும்பாலும் சரியாகும். பல் உதிர்ந்திருந்தாலோ, அடியில் செருகும் முனை தேய்ந்திருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். முழு ஜிப்பை மாற்றத் தையல்காரர் கேட்கும் கூலி ஜாக்கெட் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து உள்ளே திணித்திருப்பது. டவுன் (பறவையின் மென்சிறகு திணித்த) ஜாக்கெட் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டையில் முக்கியமாக. அங்கே காலியாக இருந்தால் குளிர் நேரே உள்ளே வரும். உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தால் துவைத்துச் சரியாகக் காயவைக்கவில்லை என்று அர்த்தம். வாடை இல்லாவிட்டால் காப்பாற்றலாம். துணி காயவைக்கும் ட்ரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிட்டால் கட்டி உடையும். பூஞ்சை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். பாலியஸ்டர் திணித்ததும் தாழ்வில்லை, துவைக்கச் சுலபம்.

மழைக்கும் ஈரப் பனிக்குமான ஜாக்கெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளித்துணியில் தண்ணீர் உருளாமல் ஊறினால் பரவாயில்லை, துவைத்து, தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்கான ஸ்ப்ரே அடித்தால் மீளும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சு பொடுகு போல உதிர்ந்தாலோ, கையில் பிசுபிசுத்தாலோ, தையல் மேல் ஒட்டிய டேப் உரிந்தாலோ அது முடிந்த கதை.

பிராண்டுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கனடா கூஸ் போன்ற விலையுயர்ந்த பிராண்ட் மலிவாக வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2011 முதல் அசல் கனடா கூஸ் ஜாக்கெட்டுகளின் உள்தையலில் ஹாலோகிராம் இருக்கும்.

பூட்ஸ்: புதுசு போலத் தெரிவதே சில நேரம் ஆபத்து. பல வருடம் அலமாரியில் கிடந்தால் பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்று ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டு நடந்த அன்றே அடி கழன்றுவிடும். கையால் நன்றாக வளைத்துப் பாருங்கள், விரல் நகத்தால் அழுத்துங்கள். விரிசலோ தூளோ வந்தால் வேண்டாம். பூட்ஸில் தெரியும் வெள்ளைக் கோடுகள், பனி உருகச் சாலையில் தூவும் உப்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தால் போகும். கழற்றக்கூடிய உள்லைனர் (உள்ளே இருக்கும் குளிர் உறை) உள்ள பூட்ஸ் உத்தமம்.

இன்னொரு பதில்: தம்பி, பிள்ளைக்கு வேண்டேக்க ஜக்கெற்றுக்கு முதல் ஸ்நோ பான்ட்ஸைப் பாருங்கோ. மைனஸ் 10 இலும் பள்ளிக்கூடத்தில இடைவேளைக்கு வெளியில விடுவினம், அதுகள் பனியில உருளுங்கள். முழங்காலையும் பின்பக்கத்தையும் பாருங்கோ, அங்கதான் தேயும். ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ. தொப்பியிலயோ கழுத்திலயோ இழுக்கிற கயிறு இருந்தால் உருவி எறியுங்கோ. சறுக்குமரத்தில கொழுவுப்பட்டால் கழுத்தை இறுக்கிப்போடும். ஸ்காஃபும் வேண்டாம், கழுத்து வார்மர் போதும். விரல் பிரியாத கையுறை, மிட்டன்ஸ்தான் சூடு. பிள்ளையளின்ர உடுப்புக்கு 5% வரிதான், பில்லில சரியாப் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ.

கேள்வி: மூட்டைப் பூச்சி வரும் என்று பயமுறுத்துகிறார்கள். வாங்கியதும் துவைத்தால் போதாதா?

பதில்: குளிர்ந்த தண்ணீரில் துவைப்பதை நம்ப வேண்டாம். அதைக் கொல்வது சூடு. கடையிலிருந்து பையை இறுகக் கட்டிக் கொண்டுவந்து, கட்டில், சோபா எதன் மேலும் வைக்காமல் நேரே லாண்ட்ரி அறைக்குப் போங்கள். காய்ந்த துணியாகவே ட்ரையரில் அதிக சூட்டில் 30 நிமிடம். ஈரத்துணி என்றால் காய்ந்த பிறகே அந்த 30 நிமிடக் கணக்கு. ட்ரையரைத் திணிக்காதீர்கள், நடுவில் சூடு போகாது. அதற்குப் பிறகு துவைக்கலாம். பையை அங்கேயே குப்பையில் போடுங்கள். கம்பளிக் கோட்டுக்கோ, அதிக சூடு கூடாது என்று லேபிள் சொல்லும் டவுன் ஜாக்கெட்டுக்கோ ஃப்ரீசர்தான் வழி: மைனஸ் 18-ல் 4 நாள். பால்கனிக் குளிரை நம்பாதீர்கள், வெயில் பட்டால் சூடு ஏறிவிடும்.

கையில் காசு இறுக்கமாக இருந்தால் டொரண்டோவில் நியூ சர்க்கிள்ஸ் என்ற தொண்டு அமைப்பு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாகவே உடை தருகிறது. போகுமுன் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பிள்ளைகள் உடுப்பு மூட்டையாக மலிவாகக் கிடைக்கும். ஆனால் "நிறைய பேர் கேட்கிறார்கள், முன்பணம் அனுப்பினால் எடுத்து வைக்கிறேன்" என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பொருளைக் கையில் பிடித்து ஜிப்பை ஏற்றிப் பார்த்த பிறகுதான் இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கி வழியே) பணம்.