தெர்மாகோல் பெட்டிக்கு வெப்பச் சோதனை: எந்த சென்சாரை நம்புவது?

கேள்வி:
30 மி.மீ. தெர்மாகோல் பெட்டி, ஜெல் பேக் (உறையவைத்துக் குளிர்ச்சிக்கு வைக்கும் பை), உள்ளே 2–8 டிகிரி, 48 மணி நேரம் தாங்கணும். நடுவில் வைத்த லாகர் (வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி) 4 காட்டுது, மேல் மூலையில் 11. பாஸா, ஃபெயிலா?

பதில் 1:
ஃபெயில்தான், அந்த மூலையில் சரக்கு இருக்கும் என்றால். சராசரி பார்க்காதீங்க, மோசமான இடமே கணக்கு. ஆனால் சென்சார் காற்றில் தொங்கினால் அளவு குதிக்கும். சரக்குக்குள்ளோ, சரக்குக்குப் பதிலாக வைக்கும் டம்மி பாட்டிலிலோ செருகுங்க. நடு, மேல் மூலை, கீழ் மூலை, ஜெல் பேக்கை ஒட்டிய இடம், நாலும் வேணும். 5 நிமிட இடைவெளி போதும். வயர் நுழையும் ஓட்டையை டேப்பால் அடைக்க மறந்தால் மொத்த சோதனையும் வீண். முன்னதாக எல்லா சென்சாரையும் ஐஸ் தண்ணீரில் முக்கி 0 காட்டுதா பாருங்க.

பதில் 2:
ஜெல் பேக்கை யாரும் கவனிப்பதில்லை. ஃப்ரீசரில் அடுக்கி வைத்தால் நடுவில் உள்ளவை உறைந்திருக்காது, பரப்பி வையுங்க. மைனஸ் 18-இல் எடுத்து நேரே சரக்கை ஒட்டி வைத்தால் சரக்கு உறைந்துபோகும். மேலே வியர்க்கும்வரை வெளியே விட்டு, நடுவில் அட்டை கொடுங்க. அரைகுறை லோடிலும் சோதிங்க, அதுதான் சீக்கிரம் சூடேறும்.

பதில் 3:
பெட்டிகளை ஒப்பிட மட்டும் என்றால் ஐஸ் உருகல் சோதனை மலிவு. உருகத் தொடங்கிய ஐஸைப் போட்டு, வடியும் தண்ணீரை எடை போடுங்க. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேணும். 24 மணி நேரத்தில் 2 கிலோ உருகினால் பெட்டிக்குள் நுழையும் வெப்பம் சுமார் 7.7 வாட், உள்ளே 0, வெளியே 30 டிகிரி நிலையாக இருந்தால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.26 வாட். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி இதில் உடனே மாட்டும்.