கட்டைவிரல் போன லேஷிங் தொழிலாளி: பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி:
துறைமுகத்தில் கன்டெய்னர் லேஷிங் (கப்பலில் கன்டெய்னர் நகராமல் இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை) செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. வயது 40, மாதம் 22,000 ரூபாய், இஎஸ்ஐ கிடையாது. 2024 டிசம்பரில் லேஷிங் ராடு இடுக்கில் சிக்கி வலது கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை ஒப்பந்தக்காரர் கட்டினார். பிறகு ஒரு லட்சம் கொடுத்து, "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். கேட்டால், கையுறை போடாதது உன் தப்பு என்கிறார்.

பதில் 1:
விபத்து நடந்த நாளில் இருந்த 1923ஆம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் இதற்குப் பொருந்தும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எழுத்து 17ஆம் பிரிவின்படி செல்லாது. சமரசம் என்றால் 28ஆம் பிரிவின்படி ஆணையரிடம் (இந்தச் சட்டப்படி இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரி) பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாவிட்டால் 29ஆம் பிரிவு வரும்: முழு இழப்பீட்டையும் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய. அதாவது ஒரு லட்சத்தில் 50,000 மட்டும்தான் கழிக்கலாம். வைத்தியத்துக்குக் கட்டியது இழப்பீட்டுக் கணக்கிலேயே வராது.

பதில் 2:
கணக்கு இது. சம்பளம் 22,000 ஆனாலும் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000தான். அதில் 60 சதம் 9,000. நாற்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை சொல்லும் காரணி (பெருக்க வேண்டிய எண்) 184.17. பெருக்கினால் 16,57,530. கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணையில் 30 சதம், ஆக 4,97,259 ரூபாய்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். விரலோடு உள்ளங்கை எலும்பும் (மெட்டாகார்பல்) போயிருந்தால் 40 சதம், 6,63,012. மருத்துவர் வெறுமனே "கட்டைவிரல் துண்டிப்பு" என்று எழுதிவிட்டால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். எக்ஸ்ரேயையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

வட்டி வருஷத்துக்கு 12 சதம். பணம் விபத்து நாளிலேயே பாக்கியாகிவிடுகிறது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஒரு மாதம் தாண்டினால் வட்டி ஓடும். காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதம் வரை அபராதமும் உண்டு. அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

பதில் 3:
ஒப்பந்தக்காரரை மட்டும் எதிர்மனுதாரராகப் போடாதீர்கள். பலர் தோற்பது இங்கேதான்: உத்தரவு கையில் இருக்கும், வசூலிக்க ஆள் இருக்காது. 12ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியும் (வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டவர்) பொறுப்பு. ஸ்டீவ்டோர் (கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனம்), டெர்மினல் நடத்துபவர், இன்சூரன்ஸ் கம்பெனி எல்லோரையும் சேருங்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, தொழிலாளி குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம். விபத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள். தாண்டிவிட்டால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மனு வைக்க வேண்டும்.

கையுறை வாதத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் எடுபடாது; பகுதி ஊனத்துக்கு எடுபடும். ஆனால் கவனக்குறைவு போதாது, கொடுத்த கையுறையை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். கையுறை கொடுத்த பதிவேட்டைத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றைய கேட் பாஸ், ஷிப்ட் பட்டியல், பிஎஃப் சீட்டு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு எல்லாம் தேடி வையுங்கள். "இவன் எங்கள் ஆளே இல்லை" என்பதுதான் முதல் பதிலாக வரும்.

கேட்டவர்:
எக்ஸ்ரே இருக்கிறது, எலும்பும் எடுத்திருக்கிறார்கள். சம்மரியில் அது இல்லை.

பதில் 2:
அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அதோடு தொழிலாளியை மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையரிடம் தனி மனு வையுங்கள்.