உடற்பயிற்சிக்கு உங்களைத் தடுத்தது எது? எப்படித் தாண்டினீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

மாலைநடை:
உடற்பயிற்சி செய்யாதவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது என்னவென்று பிடிபட்டால்தான் வழி கிடைக்கும். எனக்கு நேரம். ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில் எதுவுமே செய்ய மாட்டேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பலருக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் அது கணக்கில் வரும். 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு துண்டு துண்டாகச் செய்கிறேன்: போன் பேசும்போது நடை, லிஃப்டுக்குப் பதில் படி. மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். உங்களுக்கு எது தடை?

தளிர்:
சகோ, எனக்கு நேரம் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் பெண்களில் 34 சதவீதம், ஆண்களில் 29 சதவீதம். அந்த வித்தியாசத்தில் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கணவரிடம் பொதுவாக 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்டவரை எதுவும் நடக்கவில்லை. 'ஆறு மணியிலிருந்து ஆறரை வரை பிள்ளை உங்கள் பொறுப்பு' என்று நேரம் குறித்துச் சொன்னேன், நடந்தது. ஆரம்பத்தில் நான் படி இறங்கும்போது உள்ளே அழுகை கேட்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். இப்போது அந்த அரை மணி நேரம் அப்பாவும் பிள்ளையும் மட்டும் விளையாடும் நேரம்.

துளசிமாடம்:
எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி. வலியைவிட, நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடுமோ என்ற பயம்தான் என்னைக் கட்டிப்போட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் 'காலுக்கு ஓய்வு கொடுங்கள்' என்றே சொன்னார்கள். ஓய்வு கொடுக்கக் கொடுக்கத் தொடைத் தசை மெலிந்து, வலி கூடத்தான் செய்தது. டாக்டர் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே உடற்பயிற்சிதான் என்று அந்தப் பெண் சொன்னபோது நம்பவே முடியவில்லை.

சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழச் சொன்னார். எழுந்துவிட்டேன். 'இப்போது உட்காருங்கள், ஆனால் பொத்தென்று விழக் கூடாது, பாதி வழியில் ஒரு நொடி நில்லுங்கள்' என்றார். தொடை வெடவெடவென்று நடுங்கியது. 'தசை வேலை செய்கிறது, பயப்படாதீர்கள்' என்றார். வலிக்கு ஓர் அளவும் சொல்லிக்கொடுத்தார். செய்யும்போது பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட வேண்டும். மூட்டு வீங்கினாலோ வலி கூடினாலோ அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. என் பயம் போனது இதனால்தான். எந்த வலியைக் கண்டு ஒதுங்க வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இப்போது எனக்கே தெரிகிறது. (நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் பேச்சே இல்லை, உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.)

இரவுப்பணி:
எனக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். காலை 6 மணிக்கு என்று போட்ட திட்டம் எதுவும் நிலைக்கவில்லை. இப்போது தூங்கி எழுந்து பல் துலக்கியதும் செய்கிறேன், அது எந்த நேரமாக இருந்தாலும் சரி.

நீலவானம்:
காய்ச்சல், பயணம் என்று நடுவில் விட்டுப்போனால் 'எல்லாம் போச்சு' என்று தோன்றும் பாருங்கள், என் தடை அதுதான். ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம், நடுமதிப்பு 66 நாள் என்று அதில் வந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. எனக்குத் தெம்பு தந்தது அந்தக் கடைசி வரிதான். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது பழைய அளவில் பாதியோடு தொடங்குகிறேன். இல்லையென்றால் அடுத்த இரண்டு நாள் உடம்பு வலி என்னை மறுபடியும் படுக்கையில் போட்டுவிடும்.

மாலைநடை:
துளசிமாடம் அம்மா, என் அம்மாவுக்கும் இதே பயம்தான். அந்த நாற்காலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

துளசிமாடம்:
உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கக் கூடாது தம்பி. தாழ்வாக இருந்தால் அழுத்தமான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டவே வேண்டாம். முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே எழட்டும், தெம்பு வந்த பிறகு கையை எடுக்கலாம். ஒரு தடவை பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில நாள் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.