கொப்பி செய்ததைச் சேமித்து வைக்க நல்ல மென்பொருள் எது?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியில் கடிதம், விண்ணப்பம் டைப் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 'மண்முனை தெற்கு எருவில் பற்று பிரதேச செயலகம்' என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அடிப்பது!

விண்டோஸ் 10இல் விண்டோஸ் கீயையும் வி-யையும் சேர்த்து அழுத்தினால் கொப்பி செய்தவை வரிசையாக வருகின்றன. நல்ல வசதிதான். ஆனால் 25தான் நிற்கும், அதற்கு மேல் பழையது போய்விடும். கணினியை அணைத்துப் போட்டால் 'பின்' (pin) செய்து நிலையாக வைத்தவை மட்டுமே மிஞ்சும். நேற்று கரண்ட் போய் வந்ததும், பாதி நாள் சேர்த்த முகவரிகள் எல்லாம் காணாமல் போயின.

டிட்டோ என்ற இலவச மென்பொருளில் குழு குழுவாகப் பிரித்து வைக்கலாமாம். யாராவது பாவிக்கிறீர்களா? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களைக் கொப்பி செய்தால் விண்டோஸ் பட்டியலில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது, எது எந்தக் கடிதம் என்றே பிடிபடவில்லை. டிட்டோவில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க முடியுமா?

முக்கியமாக இன்னொன்று. வருகிறவர்களின் அடையாள அட்டை இலக்கமும் அதில் சேர்ந்துவிடுகிறது. நம்பித் தருகிறார்கள், அது என் கணினியில் கிடக்கக் கூடாது. அதை மட்டும் தானாக அழிய வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.